தூசிக்கும் விலை உண்டு

அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? அண்ணியைத் தைலம் தேய்த்துவிடச் சொல்கிறாயா? எனக்கு ஒரு குறையும் இல்லை, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

பழைய கார்களை ஏலம் விடும் எங்கள் கூடத்துக்கு, நாற்பது வருஷம் கொட்டகையில் கிடந்த கார் ஒன்று போன வாரம் வந்தது. விரல் கனத்துக்குத் தூசி. நீ பெற்ற பிள்ளை சும்மா இருப்பாளா? ஈரத்துணியால் ஒரு கதவைப் பளபளவென்று துடைத்துவிட்டேன்.

சூப்பர்வைசர் ஓடிவந்து தடுத்தார். "என்னம்மா பண்ணிட்ட? இந்தத் தூசியோட பாத்தாத்தான் யாரும் கைவைக்காத வண்டின்னு நம்புவாங்க. அதுக்குத்தாம்மா கோடிக்கணக்குல குடுக்கறாங்க."

"அழுக்குக்கா சார்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஏலத்தன்று திரைக்குப் பின்னால் நின்றேன். வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கதவருகே குனிந்து குனிந்து பார்த்தார்கள். கடைசியில் கார் விற்றுப்போனது, ஆனால் நினைத்த விலைக்கு இல்லை. அது என்னாலா, அன்றைய கூட்டத்தாலா என்று யாரும் சொல்லவில்லை. "இனிமே நீ தரைய மட்டும் தொடைம்மா" என்றார் சூப்பர்வைசர்.

பயப்படாதே, அவர் நல்லவர்தான். யார் யாருக்கு வேலை நீடிக்கும் என்ற பட்டியல் வெள்ளிக்கிழமை வருகிறது. அன்றைக்குப் போனை அடுக்களையில் விட்டுவிடாமல் பக்கத்திலேயே வைத்துக்கொள். ஒன்றுமில்லை, சும்மா பேசத்தான். இந்தப் பக்கம் யாராவது வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு.

வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். வெள்ளிக்கிழமை, மறந்துவிடாதே.

உன் மகள்