ஒயின் ஃப்ரிட்ஜில் இருக்கிறது

என்னங்க,

இன்று ராத்திரி நம் வீட்டில் நடக்கும் உங்கள் பேச்சுக் கூட்டத்துக்கான ஒயின் ஃப்ரிட்ஜில், கீரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிளாஸ்களைத் துடைத்து வைத்துவிட்டேன். சீஸை இப்போதே வெட்டாதீர்கள், காய்ந்துவிடும். பேராசிரியர் முதல் ஆளாக வந்துவிடுவார்; அதற்குள் கூடத்தில் காயும் துணியை எடுத்துவிடுங்கள்.

போன வாரம் நீங்கள் "மறதியும் ஒரு கருணைதான்" என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே நான் உங்களிடம் சொன்னது அது. சண்டை போடத் தெம்பில்லை. மருந்துக்கடை வேலையில் ஏழரை வரை நிற்க வேண்டும்.

பி.கு.: இன்றைய தலைப்பு பயம் என்றீர்கள். "நீ என்ன நினைக்கிற?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். தெரிந்துதான் வாயைத் திறக்கவில்லை. எட்டு மணிக்கு வந்து நானே சொல்கிறேன். எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.