வேரில் சுருள், நுனியில் நேர்

அம்மாவுக்கு,

ஈஸ்டர் அன்று சர்ச் வாசலில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாயே: "ஏண்டி, வேர்ல சுருள், நுனியில நேரு. ஒரே தலையில ரெண்டு பேரா குடியிருக்கீங்க?"

ஒன்றரை வருடமாக அப்படித்தான் இருந்தேன். பார்லரில் முடி வெட்டும் லவாண்டா, சின்ன வயதிலிருந்து நீ எனக்குத் தடவிய, முடியை நேராக்கும் அதே மருந்தை வேரில் மட்டும் தடவி, ஆறே நிமிடத்தில் கழுவிவிடுவாள். சுருள் தளரும், சாகாது. பிறகு பழைய நேர்முடியில் கொஞ்சம் வெட்டுவாள். முதல் நாள், "எரிஞ்சா உடனே சொல்லும்மா" என்றாள். அழுதுவிட்டேன். ஆறு வயதில் எரியுதென்று நான் கத்தியபோது, "பொறுத்துக்கடி, அப்பத்தான் நேராகும்" என்று தோளை அழுத்திப் பிடித்தவள் நீ.

காதுக்குப் பின்னால் இருக்கும் வடுவைப் பற்றி எழுதப்போவதில்லை.

நேற்று கடைசி நேர்முடியையும் வெட்டியாயிற்று. இந்த உறையில் வைத்திருக்கிறேன். என்னிடம் உனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். நீயே வைத்துக்கொள்.

உன் மகள்