முட்டுக்காட்டில் நான் பிடித்த பிரேக்

கல்பாக்கம்,
புதன்கிழமை

அன்புள்ள கண்ணகிக்கு,

நலமா? உன் மகள் கீர்த்தனாவுக்கு ஓசூர்ப் பள்ளிக்கூடம் பழகிவிட்டதா? உன் எண்ணுக்குப் பலமுறை அழைத்தேன், போகவில்லை. கருங்குழியில் உன் கொழுந்தனாரிடம் கெஞ்சித்தான் இந்த விலாசத்தை வாங்கினேன். அவர்மேல் கோபப்படாதே.

ஆகஸ்டில் முட்டுக்காட்டுப் பாலத்துக்கு முன்னால் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். சைக்கிள் வரிசையில் முன்னால் நான், என் பின்னால் நீ, உனக்குப் பின்னால் விஜயகுமாரி. பள்ளம் வந்தால் முன்னால் போகிறவர் கையைத் தாழ்த்திக் காட்ட வேண்டும் என்று பரணிதரன் நம் சைக்கிள் குழுவில் முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுவார். நானோ என் வேகம் எவ்வளவு என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளம் கிட்டே வந்ததும் கை காட்டாமல் பிரேக் பிடித்தேன். வேறு வழியில்லாமல் நீயும் பிடித்தாய். விஜயகுமாரி உன் பின்சக்கரத்தில் மோதி விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது.

எல்லோரும் கூடை வைத்த உன் பழைய வண்டியைத்தான் பார்த்தார்கள். "இந்த வண்டிய வெச்சிகினு எங்களோட இன்னாத்துக்கு வர்றே?" என்று குமார் கத்தினார். நீ என்னைப் பார்த்தாய். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். நான் கை காட்டாததைச் சொல்லிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். "அக்கா, உனுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று மட்டும் என்னிடம் கேட்டாய். அதற்கடுத்த ஞாயிறு நீ வரவில்லை.

இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம். அலுவலகத்தில் நான் மேடம், குடியிருப்பில் வெறும் வீட்டு எண். ஞாயிறு விடியும்போது செங்கல்பட்டு ஏரிக்கரையில் ஐந்து நிமிடம் தாமதமானால், ஸ்ரீதேவி எங்கே என்று கேட்க ஆட்கள் கிடைத்தார்கள். டயர் பஞ்சரானால் எட்டுப் பேர் இறங்கி நின்றார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டி எதிர்காற்றில் நான் திணறினால், "எம் பின்னாலயே ஒட்டிகினு வா" என்று நீ முன்னால் போய்க் காற்றைத் தாங்கினாய். மாமல்லபுரத்தில் உன் கூடையிலிருந்து அவித்த வேர்க்கடலை எல்லோர் கைக்கும் வரும். அதெல்லாம் போய்விடுமோ என்று பயந்தேன். அதைக் காப்பாற்றிக்கொள்ள, அதை எனக்குக் கொடுத்த உன்னையே வெளியே தள்ளினேன்.

போன ஞாயிறு விஜயகுமாரி குணமாகித் திரும்பி வந்தார். டீக்கடையில், "அந்த ஓட்ட வண்டி இல்லாம இன்னிக்குத்தான் நிம்மதியா கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் கண்ணகி. என் சிரிப்பு என் காதிலேயே விழுந்தது. டீயைக் கீழே வைத்தேன். அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

யாரும் திட்டவில்லை. "நாலு மாசமா அந்தப் பொண்ணத் திட்டிகினு இருந்தேனே மேடம்" என்றார் விஜயகுமாரி. இதுவரை என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். குமார் தலையைக் குனிந்துகொண்டார். பரணிதரன், வீடு போய்ச் சேருவோம் என்று மட்டும் சொன்னார். திரும்பும் வழியில் நான் கடைசியாக வந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

அவர்கள் எல்லோரும் உன்னிடம் பேசத் தவிக்கிறார்கள் என்று மறுநாள் பரணிதரன் போனில் சொன்னார். பரணிதரனின் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவருக்காவது ஒருமுறை போன் செய். பொங்கலுக்குக் கருங்குழி வந்தால் உன்னோடு ஓட்ட வேண்டும் என்கிறார்கள். நான் இருந்தால் உனக்குச் சங்கடம் என்றால், அன்றைக்கு நான் வரமாட்டேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு நீ பதில் எழுத வேண்டாம்.

கொழுந்தனாரிடம் இன்னொன்றும் கேட்டேன். ஓசூர் போனதிலிருந்து நீ சைக்கிளைத் தொடவே இல்லையாம். சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறாயாம். தப்பு செய்தவள் நான், வாரம் தவறாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உன் காலைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்தச் சாக்கை எடுத்துவிடு.

இப்படிக்கு,
ஸ்ரீதேவி