கழுத்தில் மாட்டிய நூல்

5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

இன்றும் ஒருத்தியின் புருவத்தைப் பாதியில் நிறுத்தினேன். வலது தோளில் கிளம்பிய வலி முழங்கை வழியாகக் கட்டைவிரல் வரை சுரீரென்று ஓடியது. நூல் கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அந்தப் பெண் கண்ணை மூடிச் சாய்ந்து கிடந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லி, பின்னறையில் கையை உதறிக்கொண்டு நின்றேன். பிறகு வந்து முடித்தேன். இரண்டு புருவமும் ஒன்றுபோல இருந்தன. அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நூலால் புருவம் எடுக்க, திரெடிங் செய்ய ஆளா இல்லை? ஆனால் மகதலேனா இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டு எங்கள் பார்லருக்குத்தான் வருகிறார்கள். இந்தக் கை போனால் அப்புறம் நான் யார்?

8 ஆகஸ்ட்

என் வீட்டுக்காரர் இருதயம் லோரியை நிறுத்திவிட்டு வந்ததும் வராததுமாகத் தைலத்தை எடுத்தார். தேய்த்துக்கொண்டே, "போதும் மேகி. வேலைய விட்டுடு லா, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நல்ல மனிதர். ஆனாலும் கோபம் தலைக்கேறியது. இவர் இடுப்புப் பிடித்துக் கிடந்தபோது லோரியை விடச் சொன்னேனா? பெல்ட் வாங்கிக் கொடுத்தேன். அதே மரியாதை எனக்கும் வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு இன்னும் நன்றாகத் தேய்த்தார்.

14 ஆகஸ்ட், வியாழன்

மருத்துவமனை. கழுத்து எலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறதாம். முழுசாகப் போகாது, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அடங்கியிருக்கும் என்றார் டாக்டர். பிசியோவுக்கு அனுப்பினார். அங்கே ஷார்மைன் என்று ஒரு பெண். நான் வேலை செய்வதை அப்படியே செய்து காட்டச் சொன்னாள். என் கைப்பையில் எப்போதும் நூல் உண்டு. வழக்கம்போல் கழுத்தில் மாட்டி, குனிந்து, அவள் கைமுடியையே இரண்டு இழுப்பு எடுத்துக் காட்டினேன்.

"கழுத்துலயா மாட்டுவீங்க, ஆன்டி?"

கொரோனா சமயத்தில் வந்த பழக்கம். அதுவரை நூல் நுனியைப் பல்லில்தான் கடித்துக்கொள்வோம். முகக்கவசம் வந்ததும் வாய் கூடாது என்றாகி, கழுத்துக்கு மாறினோம். முகக்கவசம் போன பிறகும் நூல் கழுத்திலேயே தங்கிவிட்டது. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்று வருகிறவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. குனிந்த கழுத்தை நாள் முழுக்க நானே நூல் போட்டு வெட்டி வெட்டி இழுத்திருக்கிறேன். யாரையாவது திட்டித் தீர்க்கலாம் என்று பார்த்தால் ஆள் இல்லை.

தாடையை உள்ளே இழுப்பது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது, கையைப் பக்கவாட்டில் நீட்டித் தலையை எதிர்ப்பக்கம் மெல்லச் சாய்ப்பது. மூன்றும் தினமும். வலி குத்தினால் நிறுத்திவிட வேண்டும், வீம்புக்குச் செய்யக்கூடாது என்று ஷார்மைன் இருமுறை சொன்னாள். முகத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

20 ஆகஸ்ட்

கொமுட்டர் ரயிலில், பெண்கள் பெட்டியில், தாடையை உள்ளே இழுத்தேன். எதிரே இருந்த மலாய்க்காரம்மா ஒருமுறை பார்த்தார். கையை நீட்டினேன். எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். கையை நீட்ட இன்னும் வசதியாயிற்று.

2 செப்டம்பர், செவ்வாய்

பல்லும் வேண்டாம், கழுத்தும் வேண்டாம் என்று விரல்களிலேயே நூலைச் சுற்றி எடுக்கப் பழகுகிறேன். பழகுவதற்கு இருதயத்தின் கால் முடி. மனிதர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இடது முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு அழகாக வந்திருக்கிறது.

10 செப்டம்பர்

ஒரு வாரமாக வலி குறைவு. சரியாகிவிட்டது என்று பயிற்சியை விட்டேன். இன்று காலை சீப்பைத் தூக்க முடியவில்லை. நரம்பே, நீ ஜெயிச்சதா நினைக்காத. நாளையிலிருந்து மறுபடியும்.

23 செப்டம்பர், செவ்வாய்

நூல் பிடிக்கும் விதத்தை மாற்றியாயிற்று. குனிவதை என்ன செய்ய? ரமணி அக்கா புதிதாகப் போட்ட சாய்வு நாற்காலிகள் என் இடுப்பளவுதான். அதில் படுத்தவர்களுக்குச் சொகுசு, எனக்குச் சாவு. ஓனர் அவர்தானே, அவரிடமே கேட்டேன். ஒரே ஒரு நாற்காலியாவது உயரமாகப் போடுங்கள், என்னிடம் வருகிறவர்கள் நிமிர்ந்து உட்காரட்டும் என்றேன். படுக்கத்தான் வருகிறார்கள், தீபாவளி நேரத்தில் இதெல்லாம் சரிப்படாது என்றார்.

நானும் விடவில்லை. மதியம் வந்த மூன்று பேரிடமும், படுக்காதீர்கள், எழுந்து நில்லுங்கள் என்றேன். ஒருத்தி புகார் சொல்லிவிட்டாள்.

24 செப்டம்பர்

என்னைக் கல்லாவில் காசு வாங்கப் போட்டுவிட்டார். என் நாற்காலி மாதவிக்கு. சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளை. "ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன், மகதலேனா. கைக்கு ரெஸ்ட்டா இருக்கும்" என்றார் ரமணி அக்கா. ரெஸ்ட் யார் கேட்டா? உயரம்தான கேட்டேன்!

வேலையை விட்டுவிட்டு வந்திருக்கலாம். விட மாட்டேன். போகச் சொல்லட்டும், பார்ப்போம்.

4 அக்டோபர், சனி

சுங்கை பூலோவிலிருந்து இராஜம்மா ஆன்டி வந்தார். எத்தனையோ வருடமாக என்னிடம் மட்டுமே புருவம் எடுப்பவர். மாதவி கூப்பிட்டாள். ஆன்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காசு கட்டுகிறவர்கள் உட்காருவதற்காகக் கல்லாவுக்கு முன்னால் கிடக்கும் உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"படுக்கறதுக்கு எனக்கு வீட்ல கட்டில் இருக்கு. இங்கயே எடு."

எடுத்தேன். அவர் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. முழங்கை கல்லா மேசையில் ஊன்றிக்கொண்டது. கழுத்து வளையவே இல்லை. இரண்டாவது புருவம் முடியும் வரை கை மரத்துப்போகவில்லை என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தேன். அழுகை வந்துவிட்டது. பவுடர் டப்பாவைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வெளியே போயிருந்த ரமணி அக்கா வந்து பார்த்தார். ஆன்டி போகும் வரை காத்திருந்து, இது கல்லா, பார்லர் இல்லை என்றார். "அப்ப அத ஆன்டிக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க, அக்கா" என்றேன்.

11 அக்டோபர்

ஆன்டி ஊரெல்லாம் சொல்லியிருப்பார் போல. ஒரு கையில் சில்லறை, இன்னொரு கையில் நூல். காசு கட்ட வந்தவர்களும் புருவத்துக்கு வந்தவர்களும் ஒரே வரிசையில் நின்று சண்டை போட்டார்கள். நடுவில் வேலையை நிறுத்திவிட்டுக் கையை நீட்டித் தலையைச் சாய்த்தேன். டிராஃபிக் போலீசா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். ஆமாம், நில்லுங்கள் என்றேன்.

18 அக்டோபர், சனி

நாளை மறுநாள் தீபாவளி. கடையைத் திறந்ததும் பார்த்தேன். காசு மெஷினும் கார்டு மெஷினும் வாசலோரம் ஒரு சின்ன மேசைக்குப் போயிருந்தன. ரமணி அக்காவே அங்கே உட்கார்ந்திருந்தார். என் மேசையில் நூல், பவுடர், கண்ணாடி மட்டும்.

கூட்டம் வாசல் தாண்டி நின்றது. நான்கு மணிக்கு மேல் விரல் மரத்தது. அது எங்கேயும் போய்விடவில்லை, போகவும் போகாது. நூலைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினேன். சீக்கிரம், மணி என்னாச்சு என்று வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசலோரத்திலிருந்து குரல் வந்தது.

"அஞ்சு நிமிஷம் நில்லுங்க, ஆன்டி. அவங்க முடிச்சிட்டுத்தான் எடுப்பாங்க."