ஒரே பேரில் இரண்டு குப்பை

மாப்பிள்ளை,

போன வாரம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, வலது காலைச் சாக்கடைக்குள் விட்டுவிட்டேன். சலவை வேட்டி, புதுத் துண்டு, கையில் முறுக்குத் தூக்கு என்று மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவன்போல் போனேன். சாக்கடைமேல் கிடந்த பலகை உளுத்துப்போனது என்று அதற்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. காலை வெளியே இழுத்தபோது முழங்கால் வரை கறுப்பு. அதன்மேல் அன்று காலையில் தூவியிருந்த பிளீச்சிங் பவுடரின் வெள்ளை. மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் சுமையைக் கீழே வைத்துவிட்டே கேட்டார்.

"ஏனுங்க பெரியவரே, ஒரு காலுக்குத்தான் சுண்ணாம்பு அடிச்சிருக்குது. இன்னொண்ணு பொங்கலுக்குங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? சிரித்து முடித்து மூச்சை இழுத்தபோதுதான் அந்தப் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது. முன்பு நம் கிணற்றில் போட்ட அதே வாசனை. கடைவீதி, மிளகாய், வண்டிகள் எல்லாம் விலகிப்போய், இடுப்பில் பிள்ளையோடு நீ கிணற்றடியில் நின்றாய்.

நான் போய்க்கொண்டிருந்தது அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத்தான். உன் மகள் வீட்டுக்கு. ஊர் சொல்கிறபடி, என் மகள் வீட்டுக்கு.

உனக்கு நினைவிருக்கும். கிணற்றில் அந்தப் பவுடர் போட்டதற்கு முந்தின மழையில் வந்த வாந்திபேதி உன் வீட்டுக்காரியை விடிந்தும் விடியாமல் பிடித்து, பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய்விட்டது. மாரியாத்தா கோபம் என்றார்கள். கூழ் ஊற்றினோம், வேப்பிலை கட்டினோம். நீ எல்லாவற்றிலும் நின்றாய். ஆனால் உன் கண் மட்டும் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. நம் வளவில் இருந்த அத்தனை வீட்டுக்கும் அது ஒன்றுதான் குடிதண்ணீர்க் கிணறு. அதன் மேட்டுப்பக்கம் வரிசையாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குப்பைக்குழி. மழை பெய்தால் குழியில் ஊறிய தண்ணீர் எங்கே போகும் என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. நீதான் முதலில் கேட்டாய். பால் மறக்காத பிள்ளையைக் கையில் விட்டுவிட்டு ஒருத்தி போயிருந்தாள். அடுத்த மழைக்கு அந்தப் பிள்ளையும் அதே தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்பதுதான் உன் பயம்.

வெயில் காலத்தில் சுகாதார அதிகாரி ஒருவர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். சென்னைப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். கிணற்றில் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டு, வேம்படியில் நம்மையெல்லாம் உட்காரவைத்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் என்ற தகுதியில் பதில் சொல்ல என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். நானும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"குப்பையை எங்கே கொட்டுகிறீர்கள்?"

"காட்டுலதானுங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பேஷ். காடு எவ்வளவு தூரம்?"

"இதா, கூப்புடு தூரமுங்க."

எழுந்து நின்று பார்த்தார். "ஒரு மரத்தையும் காணோமே?"

"சோளமுங்க. இப்பத்தான் அறுத்தோமுங்க."

நமக்குக் காடு என்றால் மானாவாரி நிலம். அவருக்குக் காடு என்றால் புலி இருக்கிற இடம். நமக்குக் குப்பை என்றால் எரு. வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால் நிலத்துக்கு வண்டியில் அடிப்பது. அவருக்குக் குப்பை என்றால் அன்றாடம் ஒழிக்க வேண்டிய கழிவு. இந்த ஊரில் தினமும் குப்பையைக் காட்டுக்குள் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று நம்பி, என் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வண்டி ஏறினார். குழிகள் இருந்த பக்கம் அவர் போகவே இல்லை. எனக்கோ பரீட்சையில் தேறிய சந்தோஷம்.

வளவே விழுந்து விழுந்து சிரித்தது. நீயும் சிரித்தாய். சிரிப்பு அடங்கியதும் என்னிடம் சொன்னாய்: "மாப்ள, அவரும் தமிழ்லதான் பேசுனாரு, நாமளும் தமிழ்லதான் பேசுனோம். நடுவுல கெணறு நாறிக் கெடக்குது."

பிறகு குழி ஓரமாய்க் குந்தி உட்கார்ந்தாய். "சாணியும் குப்பை, செத்த எலியும் குப்பை, நோவுல கெடந்தவ படுத்த பாயும் குப்பை. எல்லாத்துக்கும் ஒரே பேரு வெச்சுட்டோம். பேரு ஒண்ணுன்னா குழியும் ஒண்ணுதானே மாப்ள?"

மறுநாளே மண்வெட்டியை எடுத்துவிட்டாய். என்னைப் பெற்ற எங்கள் ஐயனுக்குத் தாங்கவில்லை. "எவனாச்சும் இந்த வெயில்ல குப்பை அடிப்பானா? காஞ்சு சத்தெல்லாம் போயிருமடா!" என்று சத்தம் போட்டார்.

"சத்துப் போனாப் போச்சாதுங்க மாமா," என்றாய். "எம் புள்ள இருக்கோணுமுங்க."

நான் வண்டி ஓட்டினேன், நீ வெட்டி ஏற்றினாய். உன் குழி முடிந்து எங்கள் குழியில் பாதி இறங்கியிருந்தபோது, "ஸ்" என்று காலைத் தூக்கினாய். உடைந்த சிமினிக் கண்ணாடி. எந்த வீட்டு விளக்கோ, எந்த வருஷத்ததோ. பாதத்தில் ஆழமாக இறங்கியிருந்தது. பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "குப்பைக்குள்ளயும் வெளக்கு எரிஞ்சிருக்குது மாப்ள," என்று சிரித்தாய். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினோம். அந்தக் கட்டோடேயே மறுபடி குழிக்குள் இறங்கினாய்.

சில நாள் கழித்துச் சோற்றில் கை வைத்தபடி, "வாயத் தொறக்க முடியலை" என்று பல்லுக்குள்ளேயே சொன்னாய். "ஊரே சேர்ந்து மூடப் பார்த்த வாய், தானா மூடிக்கிச்சா?" என்று கேலி செய்தேன். என் கேலியெல்லாம் அப்படித்தான், வேளை கெட்ட வேளையில் வரும்.

குப்பை அடித்த வண்டியைக் கழுவி, வைக்கோல் பரப்பி, அதிலேயே உன்னை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாணியிலும் மண்ணிலும் இருக்கிற விஷம் புண் வழியாக ஏறிவிட்டது என்றார் டாக்டர். அறையை இருட்டாக வைத்திருந்தார்கள். ஒரு தட்டு விழுந்தால்கூட உன் உடம்பு வில்லாக வளைந்தது. என் வீட்டுக்காரி பிள்ளையோடு வாசலில் நின்றாள். நீ அந்தப் பக்கம் பார்த்து, கிட்டிப்போன பல்லுக்குள்ளே, "தண்ணி" என்றாய்.

ஓடிப்போய்த் தம்ளரை எடுத்து வந்தேன். நீ கண்ணாலேயே வேண்டாம் என்றாய். மறுபடி பிள்ளையைப் பார்த்து, "தண்ணி." அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ கேட்டது உனக்கு இல்லை.

"நம்ம கெணத்துத் தண்ணி குடுக்கறதில்லை மாப்ள. மேக்கால தோட்டத்துக் கெணத்துல மொண்டு, காய்ச்சிக் குடுக்கறா," என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். நமக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான்.

உன் காரியம் முடிந்த மறுநாள், ஐயன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மீதிக் குழியில் இறங்கினார். கொளுத்துகிற வெயிலில் எரு அடித்தார். சத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. மற்ற வீட்டுக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராகக் குழியைக் காட்டுப் பக்கம் மாற்றினார்கள். ஒருவர் மட்டும் கடைசி வரை மாற்றவில்லை. ஊர் என்றால் அப்படியும் ஒருவர் இருப்பார். வாந்திபேதி பிறகும் இந்தப் பக்கம் வந்தது. நம் வளவுக்கு வரவே இல்லை என்று எழுத ஆசைதான், ஆனால் பொய் எழுதி உன்னிடம் மாட்டிக்கொள்ள முடியாது. முன்போல வீட்டுக்கு வீடு அழுகை இல்லை. அவ்வளவு சொல்லலாம்.

என் பங்குக்கு நான் ஒன்று செய்தேன். வீட்டில் கண்ணாடி, ஓடு, ஆணி, ஊசி எது உடைந்தாலும் அதைக் குப்பை என்று சொல்லக்கூடாது, ஒடசல் என்று சொல்ல வேண்டும், அதற்குத் தனியாக ஒரு பானை என்று சட்டம் போட்டேன். என் சட்டம் எதையும் வீட்டில் யாரும் மதித்ததில்லை. இதை மட்டும் மதித்தார்கள்.

எங்கள் வீட்டிலேயே வளர்ந்த பாப்பாவுக்கு முறைப்படி நான் மாமன். பேச்சு வந்தபோது அவள் என்னை ஐயா என்று கூப்பிட்டாள். என் பசங்கள் அப்பனை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகியிருப்பாள். திருத்த எனக்கு மனம் வரவில்லை. "மகனுக்குப் பொண்ணு வளக்கறாப்பலயா?" என்று கேட்டவர்களுக்கு, "மகளாத்தானுங்க வளக்கறேன்," என்றேன். அதனால்தான் வெளியில், செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தேன். உன் கதை அவளுக்குத் தெரியும். உன் முகம்தான் தெரியாது.

அன்றைக்குக் கால் கழுவி, சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் வந்தார். வந்ததும் என்னிடம் புகார்.

"உங்க மக பண்ற அக்கப்போர் தாங்கலீங்க. ஒரு கண்ணாடி வளையல் ஒடஞ்சாக்கூடச் சந்துல வீச உடமாட்டேங்கறா. ஊட்டுக்கு ஊடு பானை வெக்கச் சொல்றா. எந்த ஊருப் பழக்கமுங்க இது?"

உள்ளேயிருந்து பாப்பா கை துடைத்துக்கொண்டே வந்தாள். "எங்க ஐயா பழக்குனதுங்க அக்கா," என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த அம்மாளும் என்னைப் பார்த்தார். நான் தம்ளரை எடுத்து, இல்லாத தண்ணீரைக் கொஞ்ச நேரம் குடித்தேன்.

அவளிடம் சொல்லாமல் விழுங்கியது இது: நான் இல்லை சாமி, உங்க ஐயன்.