இரண்டாவது கசற்

அளவெட்டி
12.02.1991

அன்புத் தோழி நேசமலருக்கு,

என் தம்பி யோகன் ஜேர்மனியில் உன் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறான் என்ற நிம்மதியில்தான் இங்கே மூச்சு விடுகிறேன். உன் கர்த்தர் உன்னைக் காக்கட்டும், என் பிள்ளையாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேனடி. போன மாதம் ஷெல் விழுந்து அம்மா செத்துப்போனா. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றவ. அவனுக்குச் சொல்லாதே. அகதி வழக்கு முடியுமுன் தெரிந்தால் பைத்தியக்காரன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருவான். வந்தால் மிஞ்சமாட்டான்.

அம்மாவின் குரலைக் கேட்கவேணும், கசற்றிலை பதிஞ்சு அனுப்புங்கோ என்று எழுதியிருந்தான். "இஞ்சை எல்லாரும் நல்ல சுகம், ஒரு குறையுமில்லை. அம்மா கோயிலுக்குப் போயிட்டா" என்று நானே பேசி அனுப்பிவிட்டேன். கரண்ட் இல்லை. கனகசபாபதி மாமா சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு மிதிக்க, டைனமோவில்தான் பதிந்தோம். பொய் சொன்ன வாய் இன்னும் கசக்கிறது.

உன் பாலேஸ்வரி


டோட்முண்ட், ஜேர்மனி
03.05.1991

அடி பாலேஸ்,

மோசம் போனோம். அந்தக் கசற்றில் உன் பேச்சுக்குப் பின்னால் ஷெல் சத்தம் கேட்கிறது. அதுதான் சாட்சி என்று யோகன் எனக்கும் சொல்லாமல் வழக்குப் பேசும் லோயரிடம் கொடுத்துவிட்டான். வழக்கு விசாரித்த கோட்டில் மொழிபெயர்த்தவர் சத்தத்தையா எழுதுவார்? உன் பேச்சைத்தான் எழுதினார். சொந்த அக்காவே ஒரு குறையுமில்லை என்கிறா, பிறகென்ன ஆபத்து என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். குரல் இழுபடுகிறதே, வெட்டி ஒட்டியதோ என்று வேறு கேட்டார்களாம். செத்தவீட்டில் இருந்து எழுதினாலும் நாங்கள் சுகம் என்றுதான் தொடங்குவோம் என்று இந்த வெள்ளையனுக்கு யாரடி விளங்கப்படுத்துவது?

மேன்முறையீடும் தோற்றால் பிளேனில் ஏற்றிவிடுவார்கள். நடந்ததை உன் குரலிலேயே சொல்லி, மரண அத்தாட்சியோடு அனுப்பு. வேறு வழியில்லையாம்.

நேசம்


அளவெட்டி
20.06.1991

நேசம்,

ஐயோ, என் நாக்கே அவனுக்கு எமனாகிவிட்டதே.

மாமா கோட்டில் வேலை பார்த்தவர்தானே. "எங்கடை கோட்டிலையெண்டால் கசற்றைச் சும்மா எடுக்காயினம். பதிஞ்ச ஆள் கூண்டிலை ஏறி, இது என்ரை குரல்தான் எண்டு சத்தியம் பண்ணவேணும்" என்கிறார். என்னைக் கூண்டில் ஏற்றியிருந்தால் அன்றே உண்மையைக் கக்கியிருப்பேன்.

மரண அத்தாட்சியோடு வரும் இந்தக் கசற்றில் எல்லாம் சொல்லியிருக்கிறேன். மாமா சைக்கிள் மிதித்துக் களைத்தால் குரல் இழுபடும் என்பதையும் சொன்னேன். கோட்டுக்குக் கொடுக்குமுன் அவனை இருத்தி, வயிற்றுக்கு ஏதாவது கொடுத்து, நீ உன் வாயால் சொல்லு. உன் காலைப் பிடிக்கிறேனடி.

பாலேஸ்


டோட்முண்ட்
14.03.1992

பாலேஸ்,

வழக்கு வென்றுவிட்டோம். நீதிபதி இரண்டு கசற்றையும் போட்டுக் கேட்டார். தம்பியைக் காப்பாற்றத்தான் இந்தப் பெண் முதலில் பொய் சொன்னாள் என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்.

ஆனால் யோகன் நம்பவில்லையடி. நீ சொன்னபடி இருத்திச் சொன்னேன். சிரிக்கிறான். "நேசக்கா, நீங்களுமோ? உது வழக்குக்காக மாமா சொல்லிக்குடுத்த கதை. அவர் கோட்டிலை பழம் திண்டு கொட்டை போட்டவர். அக்கா என்னட்டைப் பொய் சொல்லமாட்டா. முந்தியே சொன்னவவெல்லோ, எல்லாரும் சுகமெண்டு." அத்தாட்சியைக் காட்டினேன். "உதுகளை எங்கையும் எடுக்கலாம்" என்றான்.

உயிரோடு இருக்கிற தாயைச் சாகடித்து விசா எடுத்த பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு திரிகிறான். அம்மா நீண்டநாள் இருக்க, அவவின் பெயருக்குக் கோயிலில் ஆயுள் அர்ச்சனை செய்யச் சொல்லுகிறான். அம்மா குளிருக்குப் போர்க்க ஒரு சால்வையும் அனுப்பியிருக்கிறான். இனி நீதான் அவனுக்குச் சொல்லவேணும்.

நேசம்


அளவெட்டி
02.05.1992

அன்பு நேசம்,

அவனுக்கு எழுத மூன்று தரம் பேனாவோடு இருந்தேன். அக்கா பொய் சொல்லமாட்டா என்று நம்புகிறவனுக்கு என்னவென்று எழுத? எனக்குத் துணிவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

சால்வை வந்தது. அம்மாவுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டதாம் என்று அவனிடம் சொல்லு.

பாலேஸ்