நிலத்தைக் கேட்காத வரி

மச்சான், இன்று காலை கண்டி அலுவலகத்தில் யன்னலெல்லாம் வெயில். அப்போது என் தொலைபேசி அதிர்ந்தது: "நான்காம் கருவி: நிலம் நகர்கிறது." பன்வில மலையில் மண் சரிந்தபோது நீ கையில் வைத்திருந்த கருவி அது. மண்ணுக்குள்ளிருந்து உன்னையும் எடுக்க முடியவில்லை, அதையும் எடுக்க முடியவில்லை. ஒன்றரை வருடமாகிறது. பட்டியலிலிருந்து அதன் பெயரை நானே அழித்திருந்தேன்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்காக நாம் எழுதிய மண்சரிவுச் சைரனின் கணினி நிரல் நினைவிருக்கிறதா? "மழை அதிகமா? நிலம் நகர்கிறதா?" இரண்டும் உண்மையானால் ஊது என்று நான்தான் எழுதினேன். கணினி இடப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வரும். முதலாவது பொய் என்றதுமே மொத்தமும் பொய் என்று முடிவுகட்டிவிடும். இரண்டாவதைத் திரும்பியும் பார்க்காது. நேரம் மிச்சம் என்று எனக்குப் பெருமை வேறு.

நீ எரிந்து விழுந்தாய். "மழை இல்லையெண்டா நிலத்தைக் கேக்கவே கேக்காதாம்! நிலம் என்ன, மழையிட்டைக் கேட்டோ நகரும்? ரெண்டில ஒண்டு உண்மையெண்டாலே காணும் எண்டு மாத்து மச்சான்."

"சும்மா சும்மா ஊதுனா சனம் நம்மளத்தான்டா ஏசும்" என்றேன்.

சண்டை பிடித்துக்கொண்டு, கருவியை நேரில் பார்க்க நீயே மலையேறினாய். மூன்று நாள் பெய்த மழை விட்டு, அன்று நல்ல வெயில். மலை சரிந்தது, சைரன் ஊதவில்லை. பாவி நான், எழுதியபடியே அது சரியாக வேலை செய்தது. நீ சொன்ன மாதிரி அந்த வரியைப் பிறகுதான் மாற்றினேன்.

இன்றைய செய்தியைக் காட்டியதும் மேலதிகாரி, "பழசு எங்கயாவது சிக்கியிருந்து இப்ப வந்திருக்கும், விடுங்க" என்றார். விட முடியவில்லை. பன்வில லயத்துத் தலைவரை அழைத்தேன்.

"வெயிலு சுள்ளுனு அடிக்குதே தம்பி?"

"தெரியுங்க. எல்லாரையும் கோயிலடிக்கு இறக்கிருங்க. காரணம் கேக்காதீங்க."

என்னை ஏசிக்கொண்டே இறங்கினார்கள். பகல் சோற்று நேரத்தில் மேல் லயம் அப்படியே மண்ணுக்குள் போனது. உள்ளே ஒருவரும் இல்லை. மற்ற மூன்று கருவிகளும் கடைசிவரை 'இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தன.

இது எப்படி என்று நான் யாரிடமும் கேட்கப்போவதில்லை, பயமாக இருக்கிறது. ஆனால் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். அன்று மலையிலிருந்து நீ என்னை அழைத்தாய். யன்னலைப் பார்த்தேன், மழை இல்லை. அப்படியென்றால் அவசரமில்லை, திரும்பவும் சண்டைக்குத்தான் கூப்பிடுகிறான் என்று எடுக்காமல் விட்டேன். நானும் முதலாவதோடு முடிவுகட்டிவிட்டேன்.

நீ என்ன சொல்ல வந்தாய், மச்சான்? கேட்காமல் விட்ட அந்த ஒன்றைத்தான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன்.